கள்ளிமுளையானுக்கு விட்ட இடம்

முதலிலேயே பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். பத்தாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் விடாமல் எழுதி வந்தது ரவிக்கைத் துணியில் சாக்பீஸால் போடும் அளவுகளை மட்டும்தான். வீட்டில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிற ஆள் நான். ஓவியத்தையும் கலையையும் பற்றி எழுத அதைப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து நிற்பது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு துணியைப் பற்றியும், அதில் தைத்த ஒரு செடியைப் பற்றியும், அந்தச் செடியின் உச்சியில் தைக்காமல் விட்டுப்போன இடத்தைப் பற்றியும் முழுதாகத் தெரிந்தவள் நான்தான். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு சிங்காநல்லூரில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஒரு பம்ப் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மகள் கல்யாணமாகிப் பெருந்துறைக்குப் போன பிறகு அவளுடைய அறையில் ஆரி வேலைக்கான பிரேமைப் போட்டுக்கொண்டேன். துணியை நான்கு கட்டைகளில் விறைப்பாக இழுத்துக் கட்டி, நுனியில் கொக்கி வைத்த ஊசியால் மேலிருந்து குத்தி, அடியில் இருக்கும் நூலை மேலே இழுத்து இழுத்துப் போடுகிற தையல் அது. எனக்கு வருவதெல்லாம் கல்யாண ரவிக்கைகள். மயில், யானை, கலசம், பல்லக்கு. வருகிற பெண்கள் போனில் ஒரு படத்தைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்பார்கள். அடுத்து வருகிறவரும் அதே படத்தைத்தான் காட்டுவார்.

வேலை முதுகில் வருவதால், அதைப் போட்டுக்கொள்கிற பெண்ணாலேயே சரியாகப் பார்க்க முடியாது. மண்டபத்தில் இருப்பவர்களும் பெண்ணின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அப்படித்தான் பார்க்க வேண்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் எப்போதாவது ஒருமுறை, நான் போட்ட வேலைக்கு எதிரில் வந்து நின்று யாராவது நேராகப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று தோன்றும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

மாடிப் போர்ஷன் காலியாக இருந்தபோது வாடகைக்குக் கேட்டு ஒரு பெண் வந்தார். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். மதுரைப் பக்கம். ஓவியம் படித்தவர், தனியாக இருப்பார் என்று புரோக்கர் சொல்லியிருந்தார். கேட்டைத் திறந்து வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நிலைக்கு மேலே கண்திருஷ்டிக்காக நாங்கள் தொங்கவிட்டிருந்த ஆகாசகருடன் கிழங்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கிழங்குக்கு மண்ணும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். காற்றிலேயே கிடந்து கொடி விடும். அப்போதும் இரண்டு கொடிகள் விட்டு, ஒன்று மின்சார வயரைப் பிடித்திருந்தது.

என் வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. "ஏனுங்க, ஊட்டப் பாக்க வந்தீங்களா, கெழங்கப் பாக்க வந்தீங்களா?"

"ரெண்டும்தாண்ணே," என்றார் அந்தப் பெண். "இத நான் வரைஞ்சுக்கலாமா?"

"கெழங்குக்குத் தனியா வாடக கேக்கமாட்டோமுங்க, வரைங்க."

அப்படித்தான் அவர் குடிவந்தார். நாங்கள் அவரை மாடி அம்மணி என்றே சொல்லி வந்தோம். குடிவந்த சில நாட்களில், வரைந்த படத்தைக் கீழே கொண்டுவந்து காட்டினார். கதவளவு பெரிய தாள். கரியால் வரைந்திருந்தார். எனக்கு அந்தக் கிழங்கு கட்டித் தொங்கவிட்ட ஒரு பொருள், அவ்வளவுதான். அவருடைய படத்தில் அது கயிற்றை உதறிவிட்டு எங்கேயோ கிளம்பிப் போகிற ஆளைப் போல இருந்தது. கொடிகள் இரண்டும் கைகளாக இருந்தன. எத்தனையோ வருடமாக அதற்குக் கீழேதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போயிருக்கிறேன். ஒருமுறையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்று வெளியே போய்ப் பார்த்தேன். கிளம்பத்தான் பார்க்கிறது.

ஊருக்குள் மூடிக்கிடந்த ஒரு பழைய மில்லின் கோடவுனில் கண்காட்சி நடக்கப்போவதாக அவர் சொன்னார். யாரும் வீட்டில் வைக்காத, பார்த்ததும் முகம் சுளிக்கிற செடிகளைக்கொண்டு படங்கள் செய்வதுதான் அவருடைய எண்ணம். எருக்கு, நாகதாளி, ஊமத்தை எல்லாம் மாடியில் வரைந்து வைத்திருந்தார். "உங்க பக்கம் இந்த மாதிரி வேற என்னக்கா இருக்கு? எல்லாரும் ஒதுக்குறதாப் பாத்துச் சொல்லுங்க," என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது கள்ளிமுளையான்தான். உடுமலைப்பேட்டையிலிருந்து தாராபுரம் போகிற வழியில், உள்ளே ஒதுங்கிய ஊரில் என் அண்ணனுக்குக் கொஞ்சம் தென்னையும் ஒரு கொறங்காடும் இருக்கின்றன. கொறங்காடு என்றால் உழாமல் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேய்ச்சலுக்கு விட்டிருக்கிற நிலம். சுற்றிலும் கிளுவை மரத்தால் உயிர்வேலி இருக்கும். அந்த வேலியின் அடியில், நிழலில், கள்ளிமுளையான் முளைத்துக் கிடக்கும். இலை கிடையாது. நான்கு பட்டையாக, விரல் தடிமனில், சாம்பல் பூத்த பச்சைத் தண்டு. ஆடு மேய்க்கிறவர்கள் தண்டை ஒடித்து உப்பு வைத்துத் தின்பார்கள், கசப்பும் புளிப்புமாக இருக்கும். மழை பெய்ததும் தண்டின் உச்சியில் எலுமிச்சம்பழம் போல உருண்டையாக ஒரு பூங்கொத்து வரும். செத்த எலி நாற்றம் அடிக்கும். ஈ மொய்க்கும்.

"என்ன கலர்க்கா?" என்று கேட்டார் மாடி அம்மணி.

சொல்ல வாயெடுத்தேன், சொல்லத் தெரியவில்லை. கறுப்பு என்றேன். பிறகு சிவப்பு என்றேன். பிறந்ததிலிருந்து கல்யாணமாகிற வரைக்கும் அந்த வேலியோரம்தான் போய் வந்திருக்கிறேன். அந்த இடம் வந்தால் தாவணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். ஓடும்போது யார் பூவைப் பார்ப்பார்கள்?

அண்ணனிடம் போனில் சொன்னதும், முருங்கைக்காய் கொடுத்து அனுப்பிய பையிலேயே இரண்டு தண்டுகளையும் போட்டுப் பஸ்ஸில் அனுப்பி வைத்தார். நாட்டு மருந்துக்கு யாரோ கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் போலும். மாடி அம்மணி ஒரு பெயிண்ட் டப்பாவில் மணலை நிரப்பி அதை நட்டார். நாலைந்து தாள்களில் வரைந்து பார்த்துவிட்டு ஒரு நாள் என் அறை வாசலில் வந்து நின்றார். நான் ஒரு ரவிக்கைக்கு யானையின் தும்பிக்கையைச் சங்கிலித் தையலால் நிரப்பிக்கொண்டிருந்தேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தத் தண்டோட தோல் பெயிண்ட்ல வரமாட்டேங்குது. உங்க ஊசிக்கு வரும்போல இருக்கே."

"எனக்கு மயிலுதான் வருமுங்க."

"தும்பிக்கை வருதுல்ல? அப்ப இதுவும் வரும். நீங்க தைங்க. ரெண்டு பேர் பேரையும் போடுவோம்."

நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மறுபடியும் அவர் கேட்பாரா என்று காது மாடிப்படியிலேயே இருந்தது. கேட்டார். சரி என்றேன்.

கட்டில் அகலத்துக்குப் பழுப்புக் காடாத்துணி வாங்கினோம். ஓர் ஆள் உயரத்துக்குத் தண்டை வரைந்து கொடுத்தார். ரவிக்கை வேலை முடிந்த நேரத்தில் எல்லாம் அதில் உட்கார்ந்தேன். டப்பாவைப் பிரேமுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். தண்டு வெறும் பச்சை இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பட்டை ஓரத்தில் ஊதா, அதற்குள் சாம்பல், சாம்பலில் துரு மாதிரிப் புள்ளிகள். ரவிக்கைக்கு யாரும் கேட்காத நிறங்களில் நூல் தேடி உக்கடம் வரைக்கும் போனேன். கடைக்காரர், "இந்தக் கலர்ல ஆருங்க ரவிக்க போடறாங்க?" என்று கேட்டார். செடிக்கு என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, தலையணை உறைக்கு என்று ஏதோ சொன்னேன்.

தண்டு தண்டாக வளர்ந்தது. ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த என் வீட்டுக்காரர் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். "ஏம்புள்ள, மொதலைக் குட்டியாட்டம் இருக்குது. கடிச்சுப்போடப் போகுது பாரு." கேலிதான் என்றாலும், வேலைக்குப் போகும்போது ஒருமுறை எட்டிப் பார்க்காமல் போகமாட்டார். அப்படி எட்டிப் பார்த்தவர்தான் டப்பாவிலிருந்த செடி வாடுகிறது என்று எண்ணித் தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியிருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் தொட்டபோது தண்டு குழகுழவென்று கையோடு வந்துவிட்டது.

"செடின்னா தண்ணி ஊத்தாம? பாவம், நாக்கு வறண்டு நிக்குதுன்னு ஊத்துனனுங்க," என்றார். மாடி அம்மணி சிரித்துவிட்டார். எனக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. தண்டு முழுவதையும் அதற்குள் தைத்து முடித்திருந்தேன். இனி வேண்டியது பூ. டப்பாவில் இருந்தது எப்படியும் பூக்கவில்லை.

பூவைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி அண்ணன் மகளிடம் கேட்டிருந்தேன். மழை பெய்த வாரத்தில் ஒரு படம் வந்தது. இருட்டில் ஒரு கறுப்பு உருண்டை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. மாடி அம்மணி கம்ப்யூட்டரில் வேறு யாரோ எடுத்த படங்களைத் தேடிக் காட்டினார். அதைப் பார்த்து ஒரு மூலையில் தைத்துப் பார்த்தேன். என் கைக்கு எந்தப் பூ தெரியுமோ அந்தப் பூதான் வந்தது. ரவிக்கைக் கையில் போடுகிற சாமந்தி. பிரித்துவிட்டேன்.

"நேர்ல போயிரலாம்க்கா," என்றார் அவர். "நாத்தத்தோட பாத்தாத்தான் இது வரும்."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. என் ஆயுசில் ஒருமுறை அந்தப் பூவின் முன்னால் மூக்கைப் பொத்தாமல் உட்கார்ந்து, அது என்ன நிறம் என்று பார்த்துவிட்டு வர வேண்டும். வந்து அந்த உச்சியை நிரப்ப வேண்டும். வேறு ஆசை அப்போது எனக்கு எதுவும் இருக்கவில்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்ணா, மாடில குடியிருக்கற அம்மணி நம்ம காட்டப் பாக்கோணும்ங்கறாங்க. ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாரேனுங்க."

"கூட்டிட்டு வா அம்மணி, அதுக்கென்ன கேட்டுக்கிட்டு. ஊட்டுக்கு ஒறம்பரை வந்தே நாளாச்சு."

"வடக்கு வேலியோரத்துல அந்தக் கள்ளிமுளையான் கெடக்குதுங்களா?"

"அதெங்க போகுது? மழ பேஞ்சதுல பூத்துத் தள்ளுது. ஆட்டுக்குப் பின்னால போனா கொடலப் பொரட்டுது."

"அது பாட்டுக்கு இருக்கட்டுமுங்ணா. வேலியில எல்லாம் ஒண்ணும் செய்ய வேண்டாமுங்க. அவங்களும் ஒண்ணும் செய்ய வேண்டாம்னுதான் சொல்லச் சொன்னாங்க."

அண்ணன் சிரித்தார். "நல்ல மனுசியாட்டத் தெரியுது. செரி செரி, ஒண்ணும் செய்யலே. வாங்க."

அந்தப் பூவைப் பார்க்கத்தான் அவர் வருகிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் புதிதாக மாட்டுக்கொட்டகை கட்டியிருக்கிறார். தென்னை நன்றாக வந்திருக்கிறது. காங்கேயம் காளை ஒன்று நிற்கிறது. இத்தனையும் இருக்க, வேலியில் நாறிக் கிடக்கிற ஒன்றைப் பார்க்கக் கோயமுத்தூரிலிருந்து ஆள் வருகிறது என்றால், அண்ணனைக் கேலி பேசுவது போல ஆகிவிடும். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்லமாட்டார்கள். வேலியில் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொன்னதே போதும் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உக்கடத்தில் பஸ் ஏறினோம். மாடி அம்மணி ஒரு பெரிய தாள் சுருளையும் கலர் பென்சில்களையும் எடுத்துக்கொண்டார். நான் என் நூல் கண்டுகளில் சிவப்பாக இருப்பவை, கறுப்பாக இருப்பவை, இரண்டுக்கும் நடுவே இருப்பவை எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்திருந்தேன். பூவுக்குப் பக்கத்தில் நூலைப் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று எண்ணம். பொள்ளாச்சி தாண்டும்போது அவர் என் மடியைப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கீங்கக்கா," என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நல்ல பட்டுச்சேலையாகத்தான் கட்டியிருந்தேன்.

உடுமலையில் இறங்கி டவுன் பஸ் பிடித்து ஊர்ப் பிரிவில் இறங்கினோம். அண்ணனே வண்டியோடு வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வீட்டு வாசலில் பெரிதாகக் கோலம் போட்டிருந்தது. அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்போம். அவர் ஓடி வந்து மாடி அம்மணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க கண்ணு, வாங்க. பஸ்ஸுல கூட்டமுங்களா? மொதல்ல எளநி குடிங்க."

இளநீர் குடித்தோம். காளையைப் பார்த்தோம். கொட்டகையைப் பார்த்தோம். அண்ணன் முன்னே நடக்கக் கொறங்காட்டுக்குப் போனோம். காற்றில் எந்த நாற்றமும் இல்லை. அது எனக்கு உடனே உறைக்கவில்லை. காற்று வேறு பக்கம் அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வடக்கு வேலிக்குப் போனதும் அண்ணன் ஒதுங்கி நின்று கையை நீட்டிக் காட்டினார்.

கிளுவை வேலி முடி வெட்டிக்கொண்டு வந்தவன் போல மட்டமாக நின்றது. அதன் அடியில், கல்லும் முள்ளும் புதரும் இருந்த கரை முழுக்க வழித்து எடுக்கப்பட்டு, செம்மண் பாதை ஒன்று கோடு போட்ட மாதிரி நீளமாகக் கிடந்தது. ஜேசிபியின் பல் பதிந்த தடம் அதில் தெரிந்தது.

"தென்னைக்குக் குழி எடுக்க ஜேசிபி வந்துதுங்க," என்றார் அண்ணன் மாடி அம்மணியைப் பார்த்து. "அப்படியே இத ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லிப்போட்டேன். பாம்பு பல்லி கெடக்குற எடம். டவுனுல இருந்து வாரவங்க பயமில்லாம நடக்கோணுமல்ல? அந்த நாத்தம் புடிச்ச சனியனயும் வேரோட வழிச்சு எறிஞ்சாச்சுங்க. நீங்க வந்து மூக்கப் பொத்திட்டு நின்னா எங்களுக்கு மரியாதிங்களா?"

"இவரு நேத்துப் பூரா இங்கதான் நின்னாரு அம்மணி," என்றார் நங்கை என்னிடம். "வேண்டாம்னு சொன்னாங்களேன்னு கேட்டதுக்கு, அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க, நாமதான் செய்யோணும்னாரு."

எங்கள் பக்கத்தில் வழக்கமே அதுதான். ஒறம்பரையாக, அதாவது விருந்தாளியாகப் போகிறவர்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லாமல் போகமாட்டார்கள். அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருக்கிற வீடு ஒன்றையும் நான் பார்த்ததில்லை. நானே மகளின் மாமியார் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மூன்று வகைப் பலகாரம் செய்தவள். அண்ணன் நான் சொன்னதை மறக்கவில்லை. நன்றாகக் கேட்டுக்கொண்டுதான் இதைச் செய்திருக்கிறார்.

மாடி அம்மணி அந்தச் செம்மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். தாள் சுருளை முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்திருந்தார். பிறகு நிமிர்ந்து, "ரொம்ப அழகா இருக்குண்ணே. எனக்காக இவ்வளவு சிரமப்பட்டிருக்கீங்க," என்றார். குரல் கொஞ்சமும் மாறவில்லை. மதுரைக்காரரும் எங்கள் ஊர்க்காரர் மாதிரிப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

"வழிச்ச மண்ண எங்கீங்ணா கொட்டுனீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பழைய கெணத்துல. பாதி தூந்துபோச்சு, அதும் ஒரு நல்லதுக்குத்தான்."

நாட்டுக்கோழி அடித்திருந்தார்கள். சாப்பிட்டோம். நங்கை இலையில் வைத்துக்கொண்டே இருந்தார். சாப்பிட்டு முடித்ததும் சும்மா நடந்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி நாங்கள் இருவரும் பக்கத்துக் காடுகளின் வேலியோரம் போனோம். ஒரு பக்கம் கிளுவையை எடுத்துவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி போட்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் வேலியடியில் கொஞ்சம் தண்டுகள் இருந்தன. உச்சியை எல்லாம் ஆடு கடித்திருந்தது. ஒரே ஒரு தண்டில் கடித்தது போக ஒட்டிக்கொண்டிருந்த பூவிதழ் ஒன்று காய்ந்து சுருண்டிருந்தது. விரலில் எடுத்தேன். தூளாகப் போய்விட்டது. விரலை மோந்து பார்த்தேன். லேசாக வாடை இருந்தது. அவரும் என் விரலை மோந்து பார்த்தார்.

கிளம்பும்போது நங்கை ஒரு பை நிறையத் தேங்காயும் மாங்காய் ஊறுகாயும் கொடுத்தார். பஸ்ஸில் என் மடியில் அந்தப் பை இருந்தது. நூல் பையைக் காலடியில் வைத்துவிட்டேன்.

கண்காட்சிக்கு நாள் நெருங்கிவிட்டது. மாடி அம்மணி மருதமலை அடிவாரத்திலும் மேட்டுப்பாளையம் பக்கத்துக் கரடுகளிலும் போய்த் தேடினார். தண்டு கிடைத்தது. பூக்கிற நாள் முடிந்துவிட்டிருந்தது. நான் மனதில் இருந்ததை வைத்து உச்சியில் தைத்துப் பார்த்தேன். மறுபடியும் சாமந்தி. பிரித்தேன். மறுபடியும் தைத்துப் பிரித்தேன். காடாத்துணியில் ஊசி போன இடம் எல்லாம் சிறு சிறு ஓட்டையாக நின்றுவிட்டது. எத்தனை நீவினாலும் போகவில்லை.

"விட்டுருங்கக்கா," என்றார் மாடி அம்மணி. "இப்படியே தொங்கவிடுவோம்."

"முடியாத வேலைய எப்படிங்க ஊருக்குக் காட்டறது?"

"இதுக்கு மேல நாம தச்சா அது பொய்யாப் போயிரும்."

அவர் சொன்னது சரிதான். சரி என்பது தெரிந்தும் எனக்கு ஆறவில்லை.

கோடவுனில் என் துணியைக் கடைசிச் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள். மேலே இருந்து ஒரு விளக்கு. ஆள் உயரத் தண்டுகள், அவற்றின் பட்டை, ஊதா ஓரம், துருப் புள்ளிகள் எல்லாம் நான் பிரேமில் குனிந்து பார்த்ததை விட நன்றாகத் தெரிந்தன. உச்சியில் தலையளவுக்கு வட்டமாக வெறும் துணி. பக்கத்தில் ஓர் அட்டையில் இரண்டு பேர் பேரும் இருந்தன. நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஆட்கள் வந்து நேராக நின்று பார்த்தார்கள். நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. ஆனால் எல்லாரும் அந்த வெறும் இடத்தைத்தான் பார்த்தார்கள். கல்லூரிப் பையன் ஒருவன் கூட வந்தவளிடம், அந்த வெற்றிடம்தான் இந்தப் படைப்பே, எவ்வளவு துணிச்சலாக விட்டிருக்கிறார்கள் பார் என்று விளக்கினான். இன்னொருவர் அந்த ஊசி ஓட்டைகளைப் போனில் கிட்டத்தில் படம் எடுத்தார். கண்ணாடி போட்ட ஓர் அம்மா மாடி அம்மணியிடமே போய் அதன் பொருள் என்ன என்று கேட்டார்.

"அங்க ஒரு பூ வர வேண்டியதுங்கம்மா. வரல. அவ்வளவுதான்," என்றார் அவர்.

அந்த அம்மா அதையும் ஏதோ பெரிய பதிலைக் கேட்டது போலத் தலையாட்டிக்கொண்டார். கண்காட்சி முடிந்த பிறகு துணியைக் கேரளாவிலிருந்து வந்த யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். மாடி அம்மணி அடுத்த கோடைக்குள் சென்னைக்குக் குடிபோய்விட்டார். இன்னொரு துணியில் தைக்கலாமே என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். தைக்கலாம். ஆனால் நான் அந்தப் பூவை இன்றுவரை பார்க்கவில்லை. பார்க்கக் கிடைத்த வருடங்களில் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறேன். அதுதான் திரும்பத் திரும்ப மனதில் வருகிறது.

கண்காட்சியின் கடைசி நாளில் அண்ணனும் நங்கையும் வந்தார்கள். நான் கூப்பிடவில்லை. என் வீட்டுக்காரர்தான் பெருமையாகப் போன் செய்து சொல்லியிருக்கிறார். கல்யாணத்துக்கு வருவது போல நங்கை பூ வைத்து, அண்ணன் துண்டு போட்டு வந்திருந்தார்கள். எருக்கையும் ஊமத்தையையும் பார்த்து, "இதயெல்லாமா படம் போடறாங்க?" என்று நங்கை வாய்க்குள் சிரித்துக்கொண்டே வந்தார். கடைசிச் சுவருக்கு வந்ததும் இருவரும் நின்றார்கள்.

அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தார். காட்டில் திரிகிறவருக்குத் தண்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"இது நம்ம வடக்கு வேலித்து அல்ல?"

"ஆமாங்ணா."

"நீயா தச்சது? அச்சு அசலா இருக்குது." கையை நீட்டித் தொடப் போனவர் தொடாமல் எடுத்துக்கொண்டார். "மேல ஏன் அம்மணி வெறுந்துணியாக் கெடக்குது? பூ எங்க?"

"அப்படி விடறதுதானுங்ணா இப்பத்த பேஷன்."

நங்கை என் முகத்தைப் பார்த்தார். பிறகு துணியைப் பார்த்தார். "அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் இதப் பாக்கத்தான் வந்தீங்களா அம்மணி?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இல்லீங்க நங்கையா. சும்மா காட்டப் பாக்கலாம்னுதானுங்க வந்தோம்."

அண்ணன் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அந்த வட்டத்தையும் ஊசி ஓட்டைகளையும் கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

"நீ சொன்னயல்ல," என்றார். "வேலியில ஒண்ணும் செய்ய வேண்டாம்னு போன்ல சொன்னயல்ல."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்ணா. வாங்க, காப்பி குடிக்கலாம்."

காப்பி குடிக்கும்போது தேங்காய் விலை, மகளுக்குப் பெருந்துறையில் தண்ணீர் எப்படி இருக்கிறது, இவைதான் பேசினோம். உக்கடத்தில் பஸ் ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்பும் வரை அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டுட்டுப் போ அம்மணி, நேரமாச்சு," என்று மட்டும் இரண்டு முறை சொன்னார்.

மறுநாள் காலையில் நங்கை போன் செய்தார். அண்ணன் விடிந்ததும் வடக்கு வேலிக்குப் போய்க் கரை முழுக்கத் தேடிப் பார்த்தார், ஒன்றும் முளைக்கவில்லை என்றார். நான் ஒரு கல்யாண ரவிக்கையின் கையில் மயில் போட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் கல்யாண வீட்டார் வந்து அதை வாங்கிக்கொண்டு போனார்கள்.